நார்விச் நகரின் தேவாலயங்கள்: ஒரு வழிபாட்டிடம் எப்படித் தோன்றுகிறது, எப்படி மூடப்படுகிறது

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்ஃபோக் மாவட்டத்தின் தலைநகராக விளங்குவது நார்விச். இடைக்காலத்தில் இந்நகரின் மதிலுக்குள் 57 பங்குத் தேவாலயங்கள் இருந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் 31 இன்றும் நிற்கின்றன. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே வேறெந்த ஐரோப்பிய நகரிலும் இத்தனை இடைக்காலத் தேவாலயங்கள் மிஞ்சவில்லை என்று அந்நகரத்தார் பெருமையுடன் கூறுவார்கள். ஆனால் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமக்கு எந்த மதமும் இல்லை என்று பதிவு செய்தவர்களின் விகிதம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மிக அதிகமாக இருந்த ஊரும் இதே நார்விச்தான். அப்போது 42.5 விழுக்காடாக இருந்த அந்த விகிதம், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 53.5 விழுக்காடாக உயர்ந்தது.

இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிப்பவர், ஒரு காலத்தில் பக்தி பெருகியிருந்த ஊரில் இப்போது பக்தி வற்றிவிட்டது என்று முடிவு செய்யக்கூடும். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்றாலும், தேவாலயங்களின் எண்ணிக்கையை வைத்துப் பக்தியை அளப்பது தொடக்கத்திலிருந்தே பிழையான கணக்கு. ஒரு நகரில் எத்தனை வழிபாட்டிடங்கள் எழுகின்றன, அவை எங்கே எந்த வடிவில் எழுகின்றன என்பதைப் பணமும் எல்லைக்கோடுகளும் அரசின் சட்டமும் சேர்ந்தே தீர்மானித்திருக்கின்றன. அதோடு, வழிபடும் சபையும் அது கூடும் கட்டடமும் ஒரே ஆயுள் கொண்டவை அல்ல. சபை கலைந்த பிறகும் கட்டடம் நிற்கலாம். கட்டடம் பலமுறை அழிந்தும் சபை தொடரலாம். இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், எந்த ஆங்கில நகரின் தேவாலயங்களையும் புரிந்துகொள்வது எளிதாகிவிடும். அதற்கு நார்விச்சைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

பங்கும் பேராலயமும்

முதலில் பங்கு என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் அனைவரையும் ஒரு தேவாலயத்தோடும் ஒரு குருவோடும் இணைக்கும் நிலப்பிரிவுக்கே பங்கு என்று பெயர். அந்த எல்லைக்குள் பிறந்தவருக்கு அங்கேதான் திருமுழுக்கு, அங்கேதான் திருமணம், அங்கேதான் அடக்கம். விளைச்சலிலும் வருமானத்திலும் பத்தில் ஒரு பங்கு அந்தத் தேவாலயத்துக்குச் செல்ல வேண்டும். 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்துக்குப் பிறகு, வறியோருக்கு உதவித்தொகை வழங்கும் பொறுப்பும் பங்கின் தலையில் விழுந்தது. ஆகவே பங்குத் தேவாலயம் என்பது வழிபாட்டிடமாகவும் உள்ளூர் நிர்வாகத்தின் அடிப்படை அலகாகவும் ஒருங்கே இருந்தது.

கிராமப்புறத்தில் ஒரு பங்கு ஓர் ஊர் முழுவதையும் உள்ளடக்கும். நார்விச்சிலோ இரண்டு மூன்று தெருக்களுக்கே ஒரு பங்கு உண்டு. பங்குகளின் எல்லைகள் உறுதியாக வகுக்கப்படுவதற்கு முன்பே, பதினொன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில், நிலக்கிழார்களும் வணிகர்களும் அக்கம்பக்கத்தார் கூடிய குழுக்களும் தத்தம் செலவில் சிறு தேவாலயங்களை எழுப்பிக்கொண்டதே இதற்குக் காரணம். பின்னர் எல்லை வகுத்தபோது, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஒவ்வொரு தேவாலயத்துக்கும் ஒரு துண்டு நகரம் ஒதுக்கப்பட்டது. நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள மதிலுக்குள் இத்தனை கோபுரங்கள் நெருக்கியடித்து நிற்பதன் பின்னணி இதுதான்.

இன்று நாம் காணும் வடிவத்தை அவற்றில் பெரும்பாலானவை பெற்றது பதினைந்தாம் நூற்றாண்டில். கம்பளித் துணி நெசவாலும் வணிகத்தாலும் நார்விச் இங்கிலாந்தின் செல்வம் மிகுந்த நகரங்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. பிற்காலத்தில் இலண்டனுக்கு அடுத்த பெரிய நகரம் என்ற இடத்தையும் நெடுநாள் வகித்தது. இறந்தவரின் ஆன்மா உத்தரிப்பு நிலையில் துன்புறும், உயிரோடிருப்பவர்கள் ஒப்புக்கொடுக்கும் திருப்பலிகள் அதன் வேதனையைக் குறைக்கும் என்பது அக்காலக் கத்தோலிக்க நம்பிக்கை. எனவே வசதி படைத்த வணிகர் ஒருவர் தம் உயிலில் பங்குத் தேவாலயத்துக்கு எழுதிவைத்த தொகை, கொடையாக மட்டுமல்லாமல் தம் ஆன்மாவுக்கான ஏற்பாடாகவும் அமைந்தது. சந்தைத் திடலை நோக்கி நிற்கும் செயின்ட் பீட்டர் மேன்க்ராஃப்ட் 1430க்கும் 1455க்கும் இடையில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பரப்பைப் பார்த்துவிட்டு அதையே பேராலயம் என்று எண்ணிவிடும் பயணிகள் உண்டு. 1715ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், எந்த வரிசையும் திரும்ப வராதபடி 5,040 வரிசைகளில் மணிகளை ஒலித்து முடித்த முதல் முழுச் சுற்று இங்கேதான் நிகழ்ந்தது; மணியடிப்பை ஒரு கணிதக் கலையாகவே வளர்த்த ஆங்கிலேயர்களுக்கு இது முக்கியமான நாள்.

நார்விச்சின் சுற்றுவட்டாரத்தில் கட்டடத்துக்கு ஏற்ற கல் கிடையாது. சுண்ணாம்புப் படுகைகளில் கிடைக்கும் கரிய சிக்கிமுக்கிக் கல் மட்டுமே உண்டு. அதை இரண்டாக உடைத்து, பளபளக்கும் கருமுகம் வெளியே தெரியுமாறு பதித்து, இடையிடையே வெளியூரிலிருந்து தருவித்த வெளிர்நிறக் கல்லைச் செதுக்கிப் பொருத்துவார்கள். செயின்ட் மைக்கேல் காஸ்லனி தேவாலயத்தின் தெற்குச் சுவரில் இந்த வேலைப்பாடு உச்சத்தைத் தொட்டிருக்கிறது. சன்னல் இல்லாத இடங்களிலும் கருப்பு வெள்ளைக் கல்லாலேயே சன்னல் வடிவங்களை வரைந்திருக்கிறார்கள். அருகில் சென்று தொட்டால்தான் அது சமதளமான சுவர் என்பது உறுதிப்படும்.

பேராலயம் இவற்றிலிருந்து முற்றிலும் வேறான அமைப்பு. ஆயரின் இருக்கை எங்கே உள்ளதோ அதுவே பேராலயம். அதன் அளவுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை. நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், ஆயர் ஹெர்பர்ட் டி லொசிங்கா தம் இருக்கையை தெட்ஃபோர்டிலிருந்து நார்விச்சுக்கு மாற்றி, 1096இல் பேராலயப் பணியைத் தொடங்கினார். நார்மண்டியின் கான் நகரிலிருந்து வெளிர்மஞ்சள் கல் கப்பலில் வந்தது. வென்சம் ஆற்றிலிருந்து கட்டுமான இடம் வரை அதைக் கொண்டுசேர்க்க ஒரு கால்வாயே வெட்டினார்கள். 1145 வாக்கில் வேலை நிறைவடைந்தது. பின்னாளில் அமைந்த கூரிய கோபுரம் 96 மீட்டர் உயரம் கொண்டது. இங்கிலாந்தில் இதைவிட உயர்ந்த இடைக்காலக் கோபுரம் சாலிஸ்பரியில் மட்டுமே நிற்கிறது.

பேராலயத்தை நடத்தியவர்கள் பெனடிக்ட் சபைத் துறவியர். அவர்கள் நகரின் நடுவே தமக்கென்று பெரிய வளாகத்தை வளைத்துக்கொண்டதும், நிலம், சந்தைக் கட்டணம், நீதி அதிகாரம் ஆகியவற்றில் தனியுரிமை கோரியதும் நகரத்தாருக்குத் தீராத எரிச்சலாக இருந்தன. 1272இல் அது கலவரமாக வெடித்து, மடத்தின் கட்டடங்கள் தீக்கிரையாயின. மன்னர் மூன்றாம் ஹென்றி நேரில் வந்து விசாரித்ததில் முப்பது பேர் அளவுக்கு மரண தண்டனை பெற்றார்கள். தண்டமாக நகரத்தார் கட்டிக்கொடுத்த செயின்ட் எத்தல்பர்ட் வாயில் இன்றும் வளாகத்தின் நுழைவாக உள்ளது. இடைக்கால மக்கள் தேவாலயத்தின் முன் கைகட்டி நின்றார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாயிலின் கதையை அறிந்துகொள்வது நல்லது.

மன்னரிடம் விலைக்கு வாங்கிய மடம்

எட்டாம் ஹென்றி போப்பாண்டவரிடமிருந்து பிரிந்து இங்கிலாந்து திருச்சபையின் தலைமையைத் தாமே ஏற்றபோது, நாடெங்கும் துறவியர் மடங்கள் கலைக்கப்பட்டன. பேராலயத்தின் மடமும் கலைந்தது. ஆனால் பேராலயம் புதிய திருச்சபையின் பேராலயமாகத் தொடர்ந்தது. தெருக்களில் இறங்கிப் போதிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த டொமினிக்கன் துறவியரின் பெரிய மடம் நகரின் நடுவில் இருந்தது. 1538இல் அது மூடப்பட்டதும், இடிக்கப்பட்டு அதன் கல்லும் ஈயமும் ஏலத்துக்குப் போகும் என்ற நிலை வந்தது. முன்பு நகரத் தலைவராக இருந்த அகஸ்டின் ஸ்டூவர்ட், அதை நகருக்கே விற்றுவிடுமாறு மன்னரிடம் மனுச் செய்தார். கட்டடத்துக்கு 81 பவுண்டு, கூரையில் வேய்ந்திருந்த ஈயத்துக்குத் தனியாக 152 பவுண்டு என்று விலை பேசப்பட்டது. கட்டடத்தைவிட அதன் கூரை உலோகம் விலை கூடியதாக இருந்ததிலிருந்தே, மற்ற ஊர்களில் ஏன் பல மடங்கள் கூரையிழந்த இடிபாடுகளாக நிற்கின்றன என்பது விளங்கிவிடும்.

இந்தக் கொள்முதலால், இத்தகைய போதகத் துறவியர் மடங்களுள் இங்கிலாந்தில் மிக முழுமையாக எஞ்சியிருப்பதாக அது நிலைத்தது. மக்கள் நின்று பிரசங்கம் கேட்ட நீண்ட கூடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஹால் என்ற பெயரில் நகர மண்டபமாயிற்று. தானியச் சந்தை, நீதிமன்றம், விருந்துகள், இசை விழாக்கள், இக்காலத்தில் பியர் திருவிழா என எல்லாவற்றையும் அந்தத் தூண்கள் பார்த்துவிட்டன. மூடப்பட்ட வழிபாட்டிடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு மாற்றுவது அண்மைக்கால யோசனை என்று பலரும் நினைக்கிறார்கள். நார்விச் அதை ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறது.

துறவியர் மட்டும் நின்று ஜெபித்த கிழக்குப் பகுதி, பிளாக்ஃபிரையர்ஸ் ஹால் என்று இப்போது அழைக்கப்படுகிறது. அது இன்னொரு சபைக்குப் போய்ச் சேர்ந்தது. நெசவுத்தொழில் நலிந்திருந்த 1565ஆம் ஆண்டில், அரசி முதலாம் எலிசபெத்தின் அனுமதியோடு, தாழ்நாடுகளிலிருந்து (இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகள்) 30 நெசவாளர் குடும்பங்களை நகர நிர்வாகம் வரவழைத்தது. அவர்கள் ஸ்பானிய ஆட்சியில் துன்புறுத்தப்பட்ட சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களின் தொகை சில ஆண்டுகளிலேயே நகர மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கை எட்டியது. அவர்களுள் டச்சு மொழி பேசியோருக்கு பிளாக்ஃபிரையர்ஸ் கிடைத்தது. பிரெஞ்சு பேசிய வாலூன் மக்கள் முதலில் ஆயரின் சிற்றாலயத்திலும், 1637 முதல் செயின்ட் மேரி த லெஸ் என்ற பழைய பங்குத் தேவாலயத்திலும் வழிபட்டார்கள். அந்தத் தேவாலயம் இன்று கடைகளின் பின்னால் மறைந்து கிடப்பதால், தெருவில் நடப்பவர்கள் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். இங்கே குடியேறிய குடும்பங்கள் தலைமுறைகள் செல்லச் செல்ல ஆங்கிலக் குடும்பங்களாகக் கரைந்தன. அந்தச் சபைகளைக் கலைத்தது பகையல்ல, பிள்ளைகள் வீட்டுமொழியை மறந்ததுதான்.

சட்டம் வகுத்த வடிவம்

இங்கிலாந்து திருச்சபை அரசின் திருச்சபை என்பதால், அதற்கு வெளியே கூடி வழிபடுவது நெடுங்காலம் குற்றமாக இருந்தது. 1689ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டம்தான், திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் தமக்கென்று கூடங்கள் அமைத்துக்கொள்ள முதன்முதலில் வழிவிட்டது. அந்தச் சலுகைக்கும் நிபந்தனைகள் இருந்தன. கூடத்தை முறைப்படி பதிவு செய்ய வேண்டும். கூட்டம் நடக்கும்போது கதவைத் தாழிடக் கூடாது. உள்ளே சதி நடக்கிறதோ என்ற அச்சம் அரசுக்கு.

இச்சட்டம் வந்த நான்கே ஆண்டுகளில், 1693இல், காங்கிரிகேஷனல் சபையினர் கோல்கேட் தெருவை ஒட்டித் தம் கூடத்தைக் கட்டினார்கள். செங்கல் முகப்பும் உயர்ந்த சன்னல்களுமாகப் பார்வைக்கு ஒரு செல்வந்தர் வீட்டை ஒத்திருக்கும் அக்கூடத்துக்குக் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே, பிரெஸ்பிட்டேரியன் சபைக்காகத் தாமஸ் ஐவரி 1756இல் எழுப்பிய ஆக்டகன் சேப்பல் உள்ளது. எட்டுப் பக்கங்களும் எட்டுத் தூண்களும் கொண்ட அதன் உள்ளமைப்பில், எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் பிரசங்க மேடை மறையாது. பலிபீடத்தை நோக்கிய நீண்ட கூடத்துக்குப் பதிலாகப் பேச்சைக் கேட்பதற்கான கூடம் என்ற கருத்தே அங்கு கட்டடமாகியிருக்கிறது. மறு ஆண்டு அங்கு வந்த, மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி, ஐரோப்பாவிலேயே இதுதான் மிக நேர்த்தியான கூடமாக இருக்கக்கூடும் என்று தம் நாட்குறிப்பில் பாராட்டிவிட்டு, இத்தனை நளினமான இடத்தில் பழைய கரடுமுரடான நற்செய்திக்கு எங்கே இடம் என்று கேட்டும் வைத்தார். அச்சபை காலப்போக்கில் திரித்துவக் கோட்பாட்டைக் கைவிட்ட யூனிடேரியன் சபையாக மாறி, இன்றும் அதே கூடத்தில் கூடுகிறது. கட்டடமும் சபையும் மாறாமல் நிற்க, கொள்கை மட்டும் மாறியதற்கு இது எடுத்துக்காட்டு.

நார்விச்சின் பெரும் வங்கிக் குடும்பமான கர்னி குடும்பத்தார் குவேக்கர்கள். சிறைச்சாலைச் சீர்திருத்தத்துக்காகப் பெயர் பெற்ற எலிசபெத் ஃப்ரை 1780இல் பிறந்தது அந்தக் குடும்பத்தில்தான். குருவும் பாடலும் இன்றி அமைதியில் அமர்ந்து வழிபடும் குவேக்கர்களின் கூடம் அப்பர் கோட் லேன் தெருவில் 1826 முதல் இருக்கிறது. நம் ஊரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபுகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றிணைந்துவிட்டதால், ஒரே தெருவில் இத்தனை தனித்தனிக் கூடங்கள் ஏன் என்று தமிழ் வாசகருக்கு வியப்பு எழலாம். இங்கிலாந்தில் அத்தகைய முழு இணைப்பு நிகழவே இல்லை. காங்கிரிகேஷனல் சபையும் பிரெஸ்பிட்டேரியன் சபையும் மட்டும் 1972இல் இணைந்தன. 1819இல் திறக்கப்பட்ட பிரின்சஸ் தெருக் கூடம் அந்த இணைந்த சபையைச் சேர்ந்தது.

கத்தோலிக்கர்களோ 1689ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. 1791இல்தான் அவர்கள் வெளிப்படையாகச் சிற்றாலயம் அமைக்கலாம் என்று ஆயிற்று. அப்போதும் கோபுரமும் மணியும் வைத்தால் அச்சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. 1794இல் மேடர்மார்க்கெட் பகுதியில் ஒரு சந்துக்குள் அவர்கள் கட்டிய சிற்றாலயம் இந்தக் கட்டுப்பாட்டை அப்படியே காட்டுகிறது. அதன் பிற்கால வரலாறும் சுவையானது. சபை வேறு இடம் பெயர்ந்த பிறகு அக்கட்டடம் பேக்கிங் பவுடர் தயாரிக்கும் இடமாகவும், இரட்சணிய சேனையின் கூடமாகவும் இருந்து, 1921இல் நியூஜென்ட் மங்க் என்பவரால் எலிசபெத் காலப் பாணி நாடக அரங்காக மாற்றப்பட்டு, இன்றுவரை அரங்காகவே இயங்குகிறது.

தடைகள் முழுவதும் நீங்கிய பின், நார்ஃபோக்கின் பதினைந்தாம் கோமகன் ஹென்றி ஃபிட்ஸ்ஆலன்-ஹோவர்ட், தம் திருமணத்துக்கு நன்றிக் காணிக்கையாக, பழைய நகரச் சிறைச்சாலை இருந்த மேட்டில் மாபெரும் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றை எழுப்பினார். 1882இல் தொடங்கிய பணி 1910இல் முடிந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாணியில் கட்டப்பட்டதால் அதை இடைக்காலத்தது என்று எண்ணி ஏமாறுபவர்கள் பலர். கிழக்கு ஆங்கிலியா மறைமாவட்டம் 1976இல் உருவானதும் அது செயின்ட் ஜான் பேராலயமாயிற்று. சந்துக்குள் ஒளிந்திருந்த 1794ஆம் ஆண்டுச் சிற்றாலயத்தையும், ஊரின் உயரமான இடத்தில் கோபுரத்தோடு நிற்கும் இந்தப் பேராலயத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, இடைப்பட்ட நூறாண்டில் சட்டம் எவ்வளவு மாறியது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கட்டடம் இழந்தும் தொடர்ந்த சபை

நார்விச்சின் யூதர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கோட்டைக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட பகுதியில் அவர்கள் குடியிருந்தார்கள். அங்கே அவர்களின் தொழுகைக்கூடமும் இருந்தது. 1144இல் வில்லியம் என்ற சிறுவன் இறந்துகிடந்தபோது, யூதர்கள்தாம் சடங்குக்காகக் கொன்றார்கள் என்ற பொய்ப்பழி கிளம்பியது. பேராலய மடத்தைச் சேர்ந்த துறவி தாமஸ் அதை நூலாக எழுதிப் பரப்பினார். ஐரோப்பா முழுவதும் பல நூற்றாண்டுகள் யூதர்களைப் பலிகொண்ட அந்தப் பழிச்சொல்லின் முதல் அறியப்பட்ட வடிவம் இதுதான். 1190இல் நகரில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். 1290இல் மன்னர் முதலாம் எட்வர்ட் இங்கிலாந்திலிருந்தே அவர்களை வெளியேற்றினார். அவர்களது தொழுகைக்கூடத்தின் தடம் எதுவும் இன்று தரைக்கு மேல் இல்லை.

2004இல் சாப்பல்ஃபீல்ட் பகுதியில் வணிக வளாகம் கட்டத் தோண்டியபோது, ஒரு பழைய கிணற்றில் குழந்தைகள் உட்பட 17 பேரின் எலும்புகள் கிடைத்தன. 2013இல் அவை யூத முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன. 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அவர்கள் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபைச் சேர்ந்த) யூதர்களாகவே இருந்திருக்க வேண்டும் என்று காட்டியது.

யூதர்கள் மீண்டும் இந்நகரில் நிலைகொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புதிய தொழுகைக்கூடம் ஒன்றைக் கட்டினார்கள். 1942ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அது அழிந்தது. தற்காலிகக் கொட்டகையில் சில காலம் வழிபட்டுவிட்டு, 1969இல் ஏர்ல்ஹாம் சாலையில் அடக்கமான ஒரு புதுக்கட்டடத்துக்குச் சென்றார்கள். கத்தோலிக்கப் பேராலயமும் அதே சாலையில்தான் இருக்கிறது.

அந்த 1942ஆம் ஆண்டின் குண்டுவீச்சு நகரின் வரைபடத்தையே திருத்தியது. இராணுவ முக்கியத்துவம் இல்லாவிட்டாலும் கலைச்சிறப்பு மிக்க ஆங்கில நகரங்களைத் தாக்குவது என்று ஜெர்மனி முடிவெடுத்ததால், ஏப்ரல் 27, 29 ஆகிய இரவுகளில் நார்விச் மீது பெருந்தாக்குதல் நடந்தது. ஜூனிலும் விமானங்கள் திரும்பி வந்தன. செயின்ட் பெனடிக்ட் தேவாலயத்தில் வட்டக் கோபுரம் மட்டும் மிஞ்சியது. இப்போது அது குடியிருப்புகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது. கிங் தெருவை ஒட்டிய செயின்ட் ஜூலியன் தேவாலயத்தின் பெரும்பகுதி அழிந்தது.

அந்தச் சிறிய தேவாலயம் கட்டட அளவில் பெரிதாகச் சொல்லத்தக்கது அல்ல. ஆனால் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், அதன் சுவரை ஒட்டிய ஓர் அறையில் தம்மை அடைத்துக்கொண்டு ஒரு பெண் வாழ்ந்தார். இப்படி வாழ்பவர் உள்ளே நுழையும்போது இறந்தோருக்கான சடங்கு நிகழ்த்தப்படும். அதன்பின் அவர் உயிரோடு வெளியே வருவதில்லை. திருப்பலியைக் காணத் தேவாலயத்துக்குள் ஒரு சன்னல், ஆலோசனை கேட்டு வருவோரிடம் பேச வெளியே ஒரு சன்னல், அவ்வளவே. அவரது இயற்பெயர் தெரியாததால் தேவாலயத்தின் பெயராலேயே நார்விச்சின் ஜூலியன் என்று அழைக்கப்படுகிறார். 1373ஆம் ஆண்டு மே மாதம் கடும் நோயில் கிடந்தபோது தமக்குக் கிட்டிய காட்சிகளை அவர் எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாக அறியப்பட்டு இன்றுவரை எஞ்சியுள்ள நூல்களில் அதுவே மிகப் பழையது. சீர்திருத்தக் காலத்தில் அந்த அறையை இடித்துவிட்டார்கள். குண்டுவீச்சுக்குப் பிறகு 1953இல் தேவாலயத்தை மீண்டும் கட்டியபோது, அறை இருந்த இடத்தில் ஒரு சிற்றாலயத்தையும் சேர்த்தே கட்டினார்கள். அதற்குள் செல்லும் நார்மானியக் கல்வாசல், அதே குண்டுவீச்சில் அழிந்த செயின்ட் மைக்கேல் அட் தோர்ன் தேவாலயத்திலிருந்து பெயர்த்து வந்தது. அவருடைய வரிகளைப் படித்துவிட்டு உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். சபையின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், நெரிசலான பழைய நகரில் இப்படி ஒரு சிறு தேவாலயத்தைத் திரும்பக் கட்ட யாரும் பணம் செலவழித்திருக்க மாட்டார்கள்.

மூடுவது என்றால் என்ன

இங்கிலாந்து திருச்சபையில் ஒரு தேவாலயத்தை மூடுவது பூட்டுப் போட்டுவிட்டுச் செல்வது போன்றதல்ல. பங்கு மக்களைக் கலந்து, ஆயரும் திருச்சபையின் சொத்துகளைக் கவனிக்கும் ஆணையர்களும் முடிவெடுத்து, இனி அங்கு பொது வழிபாடு இல்லை என்று சட்டப்படி அறிவிக்க வேண்டும். இதற்கான முறையை 1968ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் வகுத்தது. இப்போது 2011ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. மூடிய பின் வழிகள் மூன்று: வேறு பொருத்தமான பயன்பாட்டுக்கு விடுவது, கலைச்சிறப்பு மிகுந்திருந்தால் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் ஒப்படைப்பது, எதற்கும் வழியில்லை என்றால் இடிப்பது. நார்விச்சின் இடைக்காலத் தேவாலயங்களில் பெரும்பாலானவை அரசின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், மூன்றாம் வழி அங்கு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

மூடவேண்டிய நிலை வந்ததற்கு நம்பிக்கை குறைந்தது மட்டும் காரணமல்ல. மதிலுக்குள் நெருங்கி வாழ்ந்த நெசவாளர் குடும்பங்கள் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் புறநகர்ப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. பழைய தெருக்களில் கடைகளும் அலுவலகங்களும் நிரம்பின. ஞாயிறன்று அந்தத் தெருக்களில் மணியோசை கேட்கும் தொலைவில் குடியிருப்போர் வெகுவாகக் குறைந்துபோனார்கள். எல்லோரும் தவறாமல் வழிபாட்டுக்குச் செல்லும் நாடாக இங்கிலாந்து இருந்திருந்தாலும், இத்தனை சிறு பங்குகளால் தம் கூரையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்க முடிந்திராது.

1973இல் நார்விச் வரலாற்றுத் தேவாலயங்கள் அறக்கட்டளை தோன்றியது. நகரின் மூடப்பட்ட இடைக்காலத் தேவாலயங்களில் 18ஐ அது பொறுப்பேற்று, பழுதுபார்த்து, வாடகைக்கு விடுகிறது. செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம் 1980 முதல் பொம்மலாட்ட அரங்காக உள்ளது. செயின்ட் ஸ்விதின் கலை மையமாகி, மேடையில் இசைக்குழுக்கள் வாசிக்கின்றன. செயின்ட் எத்தல்ட்ரீடாவில் கலைஞர்களின் பட்டறைகள் இயங்குகின்றன. கருப்பு வெள்ளைக் கல் வேலைப்பாட்டைப் பற்றி மேலே சொன்ன செயின்ட் மைக்கேல் காஸ்லனி சிறிது காலம் அறிவியல் மையமாக இருந்துவிட்டு, சர்க்கஸ் பயிற்சிக் கூடமாயிற்று. ஊஞ்சல் கட்டித் தொங்கிப் பழகுவதற்கு அந்த உயரமான கூரை மிகவும் தோதானது. கட்டிய வணிகர் நிச்சயம் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இத்தகைய மாற்றங்களில் எது பொருத்தம் என்பது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு தேவாலயத்தின் சிறப்பு அதன் நீண்ட திறந்த உள்வெளியில் இருக்கிறது. அதைத் தடுப்புச் சுவர் வைத்து அறைகளாகப் பிரித்துவிட்டால் கல் மட்டுமே மிஞ்சும். அந்த அளவில் பொம்மலாட்டமும் சர்க்கஸும் அலுவலக அறைகளைவிட எவ்வளவோ மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது. வெளியே உள்ள கல்லறைத் தோட்டம் இன்னொரு சிக்கல். கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவரால் அடக்கம் செய்யப்பட்டவர்களை அப்புறப்படுத்த முடியாது. தரைக்குக் கீழே குழாய் பதிக்கக்கூடத் தனி அனுமதி வேண்டும். கழிவறை ஒன்று கட்டுவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது வழியில் சென்றவை செயின்ட் லாரன்ஸ், செயின்ட் ஜான் மேடர்மார்க்கெட், செயின்ட் அகஸ்டின் ஆகியவை. 1969இல் தொடங்கப்பட்டு, அரசும் திருச்சபையும் சேர்ந்து நிதியளிக்கும் தேசியத் தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் அவை உள்ளன. வழக்கமான வழிபாடு இல்லாவிட்டாலும் அவற்றின் உள்ளமைப்பு கலைக்கப்படவில்லை.

இன்று வழிபாடு நடக்கும் இடங்கள்

பேராலயத்தில் அன்றாட வழிபாடும் மாலைப் பாடற்பணியும் தொடர்கின்றன. 2019 ஆகஸ்ட் மாதத்தில் அதன் நடுக்கூடத்துக்குள் திருவிழாச் சறுக்குமரம் ஒன்றை நிறுத்தினார்கள். மேலேறிச் சென்றால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூரைச் சிற்பங்களை அருகிலிருந்து காணலாம் என்பது அதற்குச் சொன்ன காரணம். தெய்வநிந்தை என்று சிலர் கண்டித்தார்கள். வரிசையில் நின்று ஏறியவர்கள் அதைவிட அதிகம்.

நகரின் முஸ்லிம்களில் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர்களும் கணிசமானவர்கள். அத்தகையோர் உருவாக்கிய இஹ்ஸான் பள்ளிவாசல் 1977 முதல் சாப்பல்ஃபீல்ட் பகுதியில் இயங்கிவருகிறது. அதற்கெனப் புதுக்கட்டடம் எழவில்லை. பழைய கட்டடம் ஒன்றே பள்ளிவாசலாகத் தகவமைக்கப்பட்டது. குவிமாடமும் மினாராவும் தேடிச் செல்பவர் ஏமாந்துபோவார். 1693ஆம் ஆண்டின் காங்கிரிகேஷனல் கூடம் போலவே இதையும் வாசலில் உள்ள பெயரைப் படித்தே அறிய வேண்டும்.

நார்விச்சுக்குப் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள், எந்தத் தேவாலயத்தின் முன் நின்றாலும் முதலில் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பது நல்லது. வழிபாட்டு நேரமும் குருவின் பெயரும் இருந்தால் அது இயங்கும் பங்கு. தேசிய அறக்கட்டளையின் பெயர் இருந்தால் உள்ளே சென்று சாவகாசமாகப் பார்க்கலாம். நிகழ்ச்சிச் சுவரொட்டிகள் ஒட்டியிருந்தால் அது அரங்கமோ பட்டறையோ ஆகியிருக்கும். உள்ளே விடுவார்களா என்பது அன்றைய நிகழ்ச்சியைப் பொறுத்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் பாரம்பரியக் கட்டடத் திறப்பு நாட்களில், மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் பல தேவாலயங்களின் கதவுகளும் கட்டணமின்றித் திறந்திருக்கும்.